சொல்லிப்போட்டுச் செய்கிறவர்

அக்கா ஃபேனை அணைப்பதாக இருந்தால்கூட முதலில் சொல்வார். "ஃபேனை நிறுத்தறனுங்க" என்பார். அறையில் இருக்கிற யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். இருந்தாலும் ஒரு மூச்சு நேரம் பொறுத்து, மறுப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார். மதியம் பாத்திரத்தைத் திறக்கும்போது, "கருவாடு கொண்டாந்திருக்கறேன், ஆகாதவங்க செத்த அக்கட்ட உக்காந்துக்குங்க" என்பார். என் தட்டிலிருந்து அப்பளத்தை ஒடிப்பதற்கு முன்னும் ஒரு வார்த்தை உண்டு. அக்கா தும்முவதற்கு முந்தி சர்க்குலர் அனுப்புவார் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். தும்மல் சொல்லிவிட்டு வந்தால் தானும் சொல்லியிருப்பேன் என்பார்.

எங்கள் ஆபீஸ் கணபதிப் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. பன் வேகிற வாசனையில் உட்கார்ந்துகொண்டு கோழி ஷெட்டுகளுக்கான பெட்டி செய்துகொண்டிருந்தோம். கறிக்கோழி வளர்க்கிற புது மாதிரி ஷெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் அடைத்திருக்கும். ஒரு கோடியில் ஆள் உயரத்துக்குப் பெரிய ஃபேன்கள் காற்றை இழுத்து வெளியே தள்ளும். மறு கோடியில் நனைந்த அட்டைச் சுவர் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். சித்திரை வெயிலில் அந்த ஃபேன்கள் நின்றால், ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவதற்குள் கோழிகள் வெந்து செத்துப்போகும். எங்கள் பெட்டி அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். சூட்டைப் பார்த்து ஃபேன்களைப் போடும், நிறுத்தும்.

நான் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலைக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். ரேசன் கடைக் கதவில் ஒட்டியிருப்பதைப் படித்துச் சொல்ல என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். அதனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, ஒட்டி வைத்தது செய்தி ஆகாது. யாராவது வந்து வாயால் சொன்னால்தான் செய்தி. இஞ்சினியரிங் முடித்து இந்தப் பெட்டி வேலைக்கு வந்தபோது அக்கா எனக்கு ஆறேழு வருசம் சீனியர். அவருக்குக் காரமடை. தினமும் பஸ்ஸில் வந்து போவார். பஸ்ஸில் ஏறியதும் வீட்டுக்கு ஃபோன் போட்டு, ஏறிவிட்டேன் என்பார். இறங்குவதற்கு இரண்டு ஸ்டாப் முன்னால் திரும்பவும் ஃபோன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். அவருடைய அப்பா கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவராம். ஒருநாள் காலை ஷிஃப்ட்டுக்குச் சோற்றுத் தூக்குப்போசியோடு போய் நின்றிருக்கிறார். கேட் பூட்டிக் கிடந்ததாம். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் சூப்பர்வைசர் நாளை வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தவர்தான். கேட்டில் ஒரு துண்டுத் தாள்கூட ஒட்டியிருக்கவில்லை. மத்தியானம் வரை அங்கேயே நின்றுவிட்டு, சோற்றைப் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தாராம்.

"மூடறவன் மூடட்டுங்க தம்பி. அது அவன் சொத்து. சொல்லிப்போட்டு மூடியிருக்கலாமல்லங்க" என்றார்.

பிறகு, "கை கழுவப் போறனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

எங்கள் பெட்டியில் சில கட்டளைகள் இருந்தன. கறுப்புத் திரையில் ஒரு வார்த்தையைத் தட்டினால் ஷெட்டின் நிலவரம் வரி வரியாக வரும். 'நிலை' என்று தட்டினால் முதல் வரியில் வெப்பம், இரண்டாவதில் ஓடுகிற ஃபேன்களின் எண்ணிக்கை, பிறகு ஈரப்பதம், பிறகு தண்ணீர். தீவனத்துக்கு ஒரு கட்டளை, எடைக்கு ஒரு கட்டளை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் எழுதியிருந்தார்கள். ஒன்றில் 'ஆன்' என்று வரும், இன்னொன்றில் வெறும் ஒன்று என்ற எண். ஒன்றில் தலைப்பு உண்டு, இன்னொன்றில் கிடையாது. இதெல்லாம் எங்கள் ஆட்கள் பார்ப்பதற்காக வைத்தது. ஆனால் பண்ணைகளில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் அந்த வரிகளைப் படித்து வேலை செய்கிற சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகளைத் தாங்களாகவே எழுதிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்கள். நிமிசத்துக்கு ஒருதரம் 'நிலை'யை ஓட்டு, முதல் வரியைப் படி, எண் இந்த அளவைத் தாண்டினால் சைரனை அடி. இவ்வளவுதான். எங்கள் ஓனர் சைரனைத் தனி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். அதை வாங்க மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த வழி இது.

பண்ணைகளுக்குக் குஞ்சு கொடுத்து, வளர்ந்த கோழியைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஒரு பெரிய கம்பெனி எங்கள் பெட்டிகளை மொத்தமாக வாங்க வந்தது. எல்லாக் கட்டளையும் ஒரே மாதிரி பேச வேண்டும், இப்படி ஊருக்கொரு பேச்சாக இருக்கக் கூடாது என்றார்கள். ஓனர் அக்காவைக் கூப்பிட்டு ஒழுங்குபடுத்தச் சொன்னார்.

ஒழுங்குபடுத்துவது அக்காவுக்குப் பிடித்த வேலை. ஆனால் பழைய வரிகளை அவர் தொடவில்லை. புது மாதிரியைத் தனியாகச் செய்து, கேட்கிறவர்களுக்கு மட்டும் அது வரும்படி ஒரு குறிப்புச் சொல்லை வைத்தார். அந்தச் சொல்லைச் சேர்த்துத் தட்டாதவர்களுக்குப் பழைய மாதிரியே வரும். எனக்கு அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. இரண்டையும் எத்தனை காலத்துக்குக் கட்டி மேய்ப்பது, ஆடி மாசத்தோடு பழையதை நிறுத்துங்கள் என்று ஓனர் சொன்னார்.

நிறுத்தலாம், ஆனால் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன் என்றார் அக்கா.

முதலில் ஃபோன் போட்டார். தெரிந்த பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, 'நிலை'யைப் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று விசாரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி, நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க. பெட்டிக்குள் கை வைத்தால் வாரண்டி கிடையாது என்று நாங்களே மூடியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருந்தோம். பிறகு எப்படி ஒத்துக்கொள்வார்கள்? அதோடு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல வராது. ஃபோனில் அதைவிட வராது.

அக்காவுக்குத் திருப்தி இல்லை. திரையிலேயே ஒரு அறிவிப்பு வைக்கிறேன் என்றார். கட்டளைகளின் பேச்சு வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. கேட்டதற்குப் பதில் ஒரு வழியில் வரும். எச்சரிக்கையும் பிழைச் செய்தியும் இன்னொரு வழியில் வரும். அறிவிப்பை வைக்க வேண்டிய இடம் இரண்டாவது வழிதான். படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் பெட்டியை மாட்டும்போது, தொணதொணவென்று பிழைச் செய்தி வருகிறது என்று அந்த வழியை எல்லா இடத்திலும் அடைத்து வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அது தெரியும்.

"அதுல போட்டா ஒருத்தர் கண்ணுலயும் படாதுங்க தம்பி. சொன்னாப்பலயும் இருக்கும், சொல்லாதாப்பலயும் இருக்கும். அது ஏமாத்து வேலை" என்றார்.

அதனால் பதில் வருகிற வழியிலேயே, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக வைத்தார். வாசகத்தை இரண்டு நாள் யோசித்து எழுதினார். 'அன்புகூர்ந்து கவனிக்கவும். ஆடி மாதத்துக்குப் பிறகு இந்த விவரம் வரும் முறை மாறும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.' அதை எல்லாப் பெட்டிகளுக்கும் ஆபீஸில் இருந்தே அனுப்பினார். அனுப்புவதற்கு முன்னால் எழுந்து நின்று எங்களிடமும் சொன்னார்.

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு பண்ணை. புருசனும் பெண்டாட்டியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மகள். டிப்ளமோ படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது சைரன் ஸ்கிரிப்ட்டை எழுதி வைத்தாள். அதுவரை அந்த வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் ஷெட்டிலேயே கிடந்தவர்கள். உறவில் யார் வீட்டு விசேசத்துக்கும் இரண்டு பேரும் ஒன்றாகப் போனதில்லை. சைரன் வந்த பிறகுதான் சேர்ந்து வெளியே கிளம்பினார்கள். சைரன் சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும். கேட்டால் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட அங்கே ஒரு ஆளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

அறிவிப்பு போன பிறகு ஒருநாள், உறவில் ஒரு சீர் விசேசத்துக்குப் போயிருந்தார்கள். மத்தியான வெயில். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று மட்டும் போய்விட்டது. ஃபேன்கள் நின்றன. மற்ற இரண்டு ஃபேஸில் கரண்டு இருந்ததால், கரண்டு இருக்கிறது என்று நினைத்து, தானாக ஓட வேண்டிய ஜெனரேட்டரும் கம்மென்று இருந்துவிட்டது. பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சூடு ஏற ஏற நிமிசத்துக்கு ஒருதரம் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டாவது வரியில் சொன்னது. முதல் வரியில் 'அன்புகூர்ந்து கவனிக்கவும்' இருந்தது. மகளின் ஸ்கிரிப்ட் அந்த வார்த்தைகளை எண்ணோடு ஒப்பிடப் பார்த்து, முடியாமல், பிழை பிழை என்று கத்தியிருக்கிறது. அது கத்தியது நாங்கள் அடைத்து வைத்திருந்த வழியில். பக்கத்துத் தோட்டத்து ஆள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஷெட்டைப் பார்த்தபடிதான் பீடி குடித்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் நானும் அக்காவும் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் கோழிகளை மண்வெட்டியால் வாரி உரச்சாக்குகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோழிகள் சூடு தாங்காமல் அட்டைச் சுவர்ப் பக்கமாக ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செத்திருந்தன. அந்தப் பக்கம் குவியல் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. மற்ற இடமெல்லாம் ஏதோ வரிசையாகப் படுக்க வைத்த மாதிரி, அலகைத் திறந்துகொண்டு கிடந்தன. வெளியே ஜேசிபி குழி தோண்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கின.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வேண்டாம் என்று ஒருவர் தடுத்தார். அவர் காதில் வாங்கவில்லை. பெட்டிக்கு முன்னால் போய் நின்று திரையைப் போட்டு 'நிலை' என்று தட்டினார். அவருடைய வரி வந்தது.

பண்ணைக்காரர் வெளியே நாற்காலி போட்டு எங்களை உட்காரச் சொன்னார். அவருடைய சம்சாரம் மோர் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், முதலில் குடியுங்கள் என்றார். அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். ஒளிக்கவில்லை. முதல் வரியில் எழுதியது நான், அதனால்தான் சைரன் அடிக்கவில்லை என்றார்.

அந்த வரியில் என்ன எழுதியிருந்தது என்று பண்ணைக்காரர் கேட்டார். அக்கா சொன்னார்.

"அப்ப நீங்க சொல்லித்தானுங்க இருந்திருக்கறீங்க அம்மணி. நாங்கதான் படிக்கலீங்க" என்றார்.

மகள் திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். அதுவரை சுவரோடு சாய்ந்து நின்றவள் முன்னால் வந்தாள்.

"யாருக்குங்க சொன்னீங்க? எங்கப்பாவுக்கு அந்தத் திரையைப் போடவே தெரியாது. எங்கம்மா கோழியைப் பாப்பாங்க, பொட்டியைப் பாக்க மாட்டாங்க. அந்த வரியைப் படிக்கறது ஒரு மெசினு. மெசினுகிட்டப் போயி அன்புகூர்ந்துங்கறீங்க, மன்னிக்கவும்ங்கறீங்க. அதுக்கு அன்பு தெரியுமா? எண்ணு எங்கேன்னு தேடுச்சு. கெடைக்கல. அவ்வளவுதான்."

"கம்முனு இரு கண்ணு, ஒறம்பரையாட்ட வீடு தேடி வந்தவங்களை" என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்க கம்முனு இருங்கப்பா. அம்மணி ஃபோன் போட்டுக் கேட்டாங்கல்ல, ஸ்கிரிப்ட் இருக்குதான்னு? நீங்க என்ன சொன்னீங்க?"

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழியில் சாக்குகளைக் கவிழ்க்கிற சத்தம் மட்டும் தொப் தொப்பென்று கேட்டது. அக்கா மோரை ஒரே மடக்கில் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஏன் குடித்தார் என்று அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. குடிக்காமல் வைத்திருந்தால் அந்த வீட்டை இன்னும் நோகடித்த மாதிரி ஆகியிருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, அந்த வாசகத்தை என் ஃபோனில் எடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"நல்லாத்தானுங்க எழுதியிருக்கறேன்" என்றார். வேறு யாரோ எழுதியதைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா பண்ணை பண்ணையாகப் போனார். லீவு போட்டுவிட்டுப் போனார். ஒருவருக்கும் வருவதாக ஃபோன் போடவில்லை. எங்கே போகிறார் என்று ஆபீஸிலும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக இருக்கும். சில இடங்களுக்கு நானும் என் வண்டியில் கூட்டிப்போனேன். சொல்லிவிட்டுப் போனால் ஒயரைக் கழற்றி, ஸ்கிரிப்ட்டை அழித்து, மோர் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சொல்லாமல் போனால்தான் உள்ளது தெரியும் என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளது தெரிந்தது. ஃபோனில் ஒன்றுமில்லை என்று சொன்ன பண்ணைகள் பலவற்றில் ஸ்கிரிப்ட் இருந்தது. சிலர் முதல் வரி மாறியதைக் கவனித்து, அந்த வரியைத் தாண்டிப் படிக்கும்படி ஏற்கெனவே சரிசெய்துகொண்டிருந்தார்கள். சிலர் ஒன்றும் தெரியாமல், அடிக்காத சைரனை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அங்கங்கே அக்காவே திருத்திக் கொடுத்தார். சரிசெய்துகொண்ட ஒருவரிடம், எங்களுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். உங்களுக்கு எதுக்குங்க சிரமம்னு விட்டுட்டனுங்க என்றார்.

டீலர்கள் மூலமாகப் போன பெட்டிகளும் இருந்தன. அவை எந்த ஊரில், எந்த ஷெட்டில் தொங்குகின்றன என்று எங்களுக்கே தெரியாது. மைசூர்ப் பக்கம்கூடப் போயிருந்தன. ஆபீஸில் இருந்து மாற்றி அனுப்பினால் அவற்றுக்கும் போய்ச் சேரும். ஆனால் நேரில் போய்ப் பார்க்க வழியில்லை.

பெரிய கம்பெனியிலிருந்து பெட்டியைச் சோதிக்க ஆட்கள் வருவதாக இருந்தது. அந்த வரியை உடனே எடுங்கள் என்றார் ஓனர். அக்கா முடியாது என்றார். எடுத்துவிட்டால், அந்த வரியைத் தாண்டிப் படிக்கிறவர்கள் வெப்பத்தையும் சேர்த்துத் தாண்டிவிடுவார்கள். வெப்பம் என்று நினைத்து ஃபேன் எண்ணிக்கையைப் படிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஃபேன் எந்தக் காலத்திலும் அந்த அளவைத் தாண்டாது. சைரன் செத்துக் கிடக்கும். எடுக்காமல் விட்டால், இன்னும் தெரியாமல் இருக்கிறவர்களின் சைரன் செத்துக் கிடக்கும். சொன்னதும் பிழை, சொன்னதைத் திரும்பப் பெறுவதும் பிழை என்று ஆகிவிட்டது.

அக்கா கண்டுபிடித்த வழி பார்க்க அசிங்கமானது. அறிவிப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெப்பத்தை இன்னொரு தடவை போட்டார். முதல் வரியிலும் வெப்பம், இரண்டாவது வரியிலும் அதே வெப்பம், அதற்குப் பிறகு மற்றவை. முதல் வரியைப் படிக்கிறவனுக்கும் கிடைக்கும், தாண்டிப் படிக்கிறவனுக்கும் கிடைக்கும். ஃபேன் எண்ணிக்கையை நம்பி யாராவது ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் அவர்களுக்குத் தப்பாக வரும். பார்த்த பண்ணைகளில் அப்படி ஒருவரும் இல்லை. கோழி சூட்டில்தான் சாகிறது என்றார்.

ஓனர் கண்ணாடிக் கதவை மூடாமலேயே பேசினார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்திருப்பார். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க அம்மணி, ஒரே மாதிரி பண்ணுங்கன்னு குடுத்தா, ஒரே எண்ணை ரெண்டு தடவை காட்டறீங்க. இது எதுக்குன்னு அவிய கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க சார்."

"நடந்ததைச் சொன்னா உங்க பேரையும் சொல்லோணுமுங்க."

"சொல்லுங்க."

"சொன்னா உங்களை இங்க வெச்சுக்க முடியாதுங்களே."

இரட்டை வரியை எந்தக் காலத்திலும் எடுக்க மாட்டேன் என்று ஓனர் ஒத்துக்கொண்டால் தான் போய்விடுவதாக அக்கா சொன்னார். ஓனர் சரி என்று சொல்லி, என் பக்கம் கை நீட்டி, தம்பிதான் இனிப் பார்த்துக்கொள்ளப் போகிறது, தம்பியிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். அடைத்து வைத்த வழியைப் பற்றியும், சைரனுக்கு வைத்த விலையைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அந்த மாதக் கடைசியில் அக்கா போனார். மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அந்த இரட்டை வரியைப் பார்த்துவிட்டு, இது பிழை, திருத்திவிடலாமா என்று என்னிடம் வருவார்கள். தொடாதே என்பேன். ஏன் என்று கேட்டால் பல்லடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

அந்தப் பண்ணையில் மறுபடி குஞ்சு விட்டார்கள். சைரனை மகள் சரிசெய்தாள். பத்தாததற்கு நானும் இன்னொன்றைப் பொருத்திக் கொடுத்தேன். சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் சுடுதண்ணீரில் சென்சாரை முக்கிக் காட்டுவேன். சைரன் ஊரே கேட்க அடிக்கும். நல்லா அடிக்குதுங்க தம்பி என்று இரண்டு பேரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒருவர் போய் ஃபேன்களுக்கு எதிரே கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஒருவர் சாப்பிட எழுந்தால் மற்றவர் வந்து உட்கார வேண்டும். நோம்பி பண்டிகைக்கும் அப்படித்தான், சாவு வீட்டுக்கும் அப்படித்தான். அந்த அம்மாவின் சொந்தத் தம்பி இறந்தபோதுகூட அவர் மட்டும் போனார், பண்ணைக்காரர் போகவில்லை.

ஒரு வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கம்பெனி அந்த நேரம் பார்த்துக் குஞ்சு இறக்கியிருந்தது. ஷெட் நிறையக் கோழி. பண்ணைக்காரர் எனக்குப் பத்திரிகை வைத்தார். அக்காவுக்கும் ஃபோனில் சொன்னாராம். கூப்பிடாமல் விடுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அக்கா வாழ்த்துச் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஷெட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். தாலி கட்டும்போது மட்டும் ஒரு எட்டு மண்டபத்துக்குப் போய்விட்டு ஓடி வந்துவிடுவேன், அதுவரை அவளுடைய அம்மா இருப்பாள் என்று அவர் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே அது நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பெண்ணைப் பெற்ற அம்மா மணவறையில் இல்லாமல் எங்கள் ஊர்க் கல்யாணம் எப்படி நடக்கும்?

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெட்டில் யாருங்க என்று காதோடு கேட்டேன். அக்கா விடியும்போதே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாகப் பண்ணைக்காரர் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அவர் கண் மண்டபத்துக் கடிகாரத்தில்தான் இருந்தது.

ஒரு சாப்பாட்டைக் கட்டி வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஷெட் சூடாக இருந்தது. ஃபேன்கள் இரைந்துகொண்டிருந்தன. அக்கா பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்த மாதிரியே வந்திருந்தார். சேலையின் கரை முழுக்க உமியும் இறகும் ஒட்டியிருந்தன. நான் உள்ளே வந்ததை உணர்ந்தும் திரும்பவில்லை.

"அக்கா, சைரனை முந்தாநாள்தான் பாத்துப்போட்டுப் போனேன். ரெண்டுமே நல்லா வேலை செய்யுதுங்க்கா. நீங்க ஒரு பத்து நிமிசம் மண்டபத்துக்கு வந்துட்டு வரலாம்."

"தெரியுமுங்க தம்பி" என்றார். கண்ணை ஃபேன்களிலிருந்து எடுக்கவில்லை. "அவிய ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க. தாலி கட்டி முடிஞ்சுது. பொண்ணோட அய்யன் கௌம்பறேன் கௌம்பறேன்னு நிக்கறாரு."

"நீங்க போங்க. போயி, நான் எந்திரிக்க மாட்டேன்னு அவியகிட்ட நேராச் சொல்லுங்க. ஃபோன்ல சொல்லாதீங்க. பந்தியில உக்கார வெச்சு, எலையில சோறு விழுந்தப்பறம் சொல்லுங்க."

சாப்பாட்டை அவர் காலடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.